காலடி சொல்லும் சேதி!

வாசல் கதவைத் திறக்காமலேயே, வருவது யார் என்று நம்மால் சொல்லிவிட முடியும். ‘டக் டக்’கென்று அவசரமாக வந்தால் பெரியவன், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினால் சின்னவள், ‘சரக்... சரக்’கென்று செருப்பை இழுத்தால் மாதாமாதம் கேபிள் பணம் வாங்க வருபவர்! முகம் பார்க்காமல், குரல் கேட்காமல், காலடிச் சத்தத்தை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற வித்தை குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு.

ஆனால், அந்தக் காலடியே கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தால்...? அது மட்டும் நம் காதில் விழுவதில்லை!

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். அம்மாவுக்கு வயது 74. ஒருநாள் என் மனைவி, “ஏங்க, அத்தை இப்பல்லாம் காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கறாங்க, கவனிச்சீங்களா?” என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “வயசாச்சுல்ல...” என்றேன். அம்மாவும், “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, செருப்பு தேய்ஞ்சு போச்சு” என்று சிரித்துவிட்டார். மூன்றே வாரம். பூஜை அறை நிலைப்படியில் கால் தட்டி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு.

கட்டுப் போட்ட டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “நடையில மாற்றம் எப்ப ஆரம்பிச்சுது? ஆறு மாசமா, ஒரு வருஷமா?”

ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், தினம் தினம் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை! உடம்புச் சூட்டைப் பார்க்க தெர்மாமீட்டர் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு கருவி. சர்க்கரைக்கு ஒரு கருவி. நடையை அளக்க?

அதற்கும் இருக்கிறது. ஷூவின் மேலோ கணுக்காலிலோ பட்டை போட்டுக் கட்டிக்கொள்கிற, தீப்பெட்டி அளவிலான சென்ஸார். நீங்கள் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியின் நீளம், நேரம், கால் தூக்கிய உயரம் எல்லாவற்றையும் அது கணக்கு எழுதி வைத்துக்கொள்கிறது.

ஒரு அடிக்குள் என்ன நடக்கிறது?

நடப்பதை நாம் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. ஆனால் மூளை, தண்டுவடம், நரம்பு, தசை, மூட்டு, கண், உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு இத்தனையும் கூட்டுச் சேர்ந்தால்தான் ஒரு அடி ஒழுங்காக விழும். இதில் எந்த இடத்தில் கோளாறு என்றாலும் நடையில் அது தலைகாட்டும்.

ஒரு காலை மட்டும் கவனியுங்கள். குதிகால் தரையைத் தொடுகிறது, பாதம் முழுதும் பதிகிறது, குதிகால் எழும்புகிறது, கடைசியாகக் கட்டைவிரல் உந்தித் தள்ள, கால் காற்றில் முன்னே வீசப்படுகிறது, மறுபடி குதிகால் தரையில். இது ஒரு சுற்று. சாதாரணமாக இதில் 60 சதவீத நேரம் கால் தரையில் இருக்கிறது. 40 சதவீதம் காற்றில். இரண்டு காலும் சேர்ந்து தரையில் இருக்கிற நேரம் சுமார் 20 சதவீதம். விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்துவிட்டால், இந்த ‘இரண்டு கால்’ நேரம் தானாகக் கூடிவிடும்.

இன்னொரு ஆச்சரியம்! கால் காற்றில் முன்னே போகும்போது, நடுவழியில் கட்டைவிரலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர்தான்! கனடா நாட்டின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வின்டர் இதையெல்லாம் நுணுக்கமாக அளந்து 1992-ல் எழுதியிருக்கிறார். அந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் கொஞ்சம் குறைந்தாலும் போதும்... மிதியடி ஓரம், நிலைப்படி, தரையில் கிடக்கும் ஒயர் எல்லாமே எமன்தான். அம்மா தட்டி விழுந்த நிலைப்படி அப்படி ஒன்றும் உயரமில்லை!

காற்றுப்பை ஷூவிலிருந்து...

நடையை அளக்கிற ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1836-லேயே ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் மனித நடையின் இயக்கம் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். பிரான்ஸ் நாட்டு எத்தியேன் ஜூல் மாரே என்ன செய்தார் தெரியுமா? ஷூவின் அடிப்பாகத்தில் காற்றுப்பை வைத்து, ரப்பர் குழாய் வழியாக ஒரு எழுதுகருவியோடு இணைத்தார். கால் பதியும்போதெல்லாம் காற்று அழுத்தப்பட்டு, நடப்பவர் கையிலிருக்கும் உருளையில் கோடு விழும். இது 1870-களில்! காலில் கட்டிய கருவிக்குக் கொள்ளுத்தாத்தா என்று இதைச் சொல்லலாம்.

அப்புறம் சினிமா கேமராக்கள் வந்தன. உடம்பெல்லாம் பளபளக்கும் பொட்டு ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்துப் படம்பிடிக்கும் ஆய்வுக்கூடங்கள் வந்தன. துல்லியம் என்றால் அப்படியொரு துல்லியம். ஆனால் ஒரு பெரிய குறை. ஆய்வுக்கூடத்தில் பத்து மீட்டர் நடக்கிற நடை, நம் நிஜ நடையா? கல்யாண போட்டோவுக்கு மூச்சைப் பிடித்து நிற்போமே, அந்த மாதிரிதான்! டாக்டர் எதிரில் எல்லோரும் நிமிர்ந்து, கவனமாகத்தான் நடப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, அரைத் தூக்கத்தில், பாத்ரூமுக்குப் போகிற நடைதானே முக்கியம்?

நீர்மூழ்கிக் கப்பல் வித்தை

இங்கேதான் கதை கடலுக்கடியில் போகிறது. 1958 ஆகஸ்ட் 3-ம் தேதி ‘நாட்டிலஸ்’ என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல், பனிக்கட்டிக்கு அடியிலேயே பயணம் செய்து வட துருவத்தைக் கடந்தது. மேலே நட்சத்திரம் தெரியாது. துருவத்துக்குப் பக்கத்தில் காந்த ஊசியையும் நம்ப முடியாது. பின்னே எப்படி வழி கண்டுபிடித்தார்கள்? கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு வேகம் கூடுகிறது, குறைகிறது என்பதை உள்ளுக்குள்ளேயே உணர்கிற கருவிகள் இருந்தன. ‘புறப்பட்ட இடம் தெரியும், அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு அசைவும் தெரியும், அப்படியானால் இப்போது இருக்கும் இடமும் தெரியும்’ என்கிற கணக்கு அது. 1969-ல் நிலாவுக்குப் போன அப்போலோ விண்கலத்திலும் இதே வித்தைதான்.

அன்றைக்கு அந்தக் கருவிகள் பெட்டி பெட்டியாக இருந்தன. இன்று அதே வேலையைச் செய்கிற சிப், சில மில்லிமீட்டர் அகலம்தான். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் மொபைல் போனை சாய்த்தால் படம் சுழல்கிறதே... அதற்குக் காரணமே இந்த சென்ஸார்தான். இதில் இரண்டு பகுதி. ஒன்று, வேகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. இதற்குப் பெயர் ஆக்ஸிலரோமீட்டர். இன்னொன்று, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று பார்ப்பது, அது ஜைரோஸ்கோப். முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ் என மூன்று திசையிலும், விநாடிக்கு நூறு தடவைக்குக் குறையாமல் இவை அளந்துகொண்டே இருக்கும்.

‘அவ்வளவுதானே? சட்டைப்பையிலேயே வைத்துக் கணக்குப் போட வேண்டியதுதானே?’ என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்!

மேஜை மேல் இருந்தபடியே 1.8 கிலோமீட்டர்!

வேக மாற்றத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் கிடைக்கும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தூரம் கிடைக்கும். ஆனால் எந்தச் சின்ன சென்ஸாரிலும் துளித் தப்பு இருக்கும். விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் வேகம் கூடுவதாக சென்ஸார் தப்பாக நினைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மேஜை மேல் அசையாமல் வைத்துவிடுங்கள். 10 விநாடியில் அது அரை மீட்டர் நகர்ந்துவிட்டதாகச் சொல்லும். ஒரு நிமிஷத்தில் 18 மீட்டர். 10 நிமிஷம் ஆனால்... 1.8 கிலோமீட்டர் போய்விட்டதாகச் சாதிக்கும்! வட்டிக்கு வட்டி ஏறுகிற கடன் மாதிரி, தப்புக்கு மேல் தப்பு.

இதற்கு என்ன பரிகாரம்? பதில் நம் காலடியிலேயே இருக்கிறது!

நடக்கும்போது உடம்பு முழுதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தலை, தோள், இடுப்பு, சட்டைப்பை எதுவும் நிற்பதில்லை. ஆனால் பாதம்? ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் தரையில் அசையாமல் பதிகிறது. அந்தக் கணத்தில் அதன் வேகம் பூஜ்யம். சந்தேகமில்லாத பூஜ்யம்! சென்ஸார் அப்போது ‘நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டிருக்கிறேன்’ என்று சொன்னால், அது பொய். அந்தப் பொய் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடுகிறது. உடனே வேகத்தை பூஜ்யமாக்கி, அந்த அடியின் நீளத்தையும் அதற்கேற்பத் திருத்திவிடுகிறது கணக்கு.

மளிகைக்கடைக்காரர் தினமும் ராத்திரி கல்லாவை எண்ணி நோட்டைச் சரிபார்த்துவிட்டால், வருஷக் கடைசியில் தலைவலி இருக்காதல்லவா? அதே மாதிரிதான். ஒரு விநாடிக்கு ஒருமுறை கணக்கு நேராகிவிட்டால், மேலே சொன்ன சென்ஸார் செய்யும் தப்பு அரை சென்டிமீட்டர்தான். காலில் கட்டினால் மட்டுமே கிடைக்கிற வசதி இது. பூமியே நமக்குக் கணக்குப்பிள்ளை!

திருத்துகிற இந்தக் கணக்கு முறைக்கு ‘கால்மன் ஃபில்டர்’ என்று பெயர். 1960-ல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த எரிக் ஃபாக்ஸ்லின், ஷூவில் சென்ஸார் பொருத்தி நடந்து, 2005-ல் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையில் எல்லோரும் படிக்கிற பாலபாடம். அப்புறம், சுவீடனின் ஸ்டாக்ஹோமில் உள்ள கே.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கைகோத்து ‘ஓபன்ஷூ’ என்ற கருவியை உருவாக்கி, அதன் செய்முறையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி 2012-ல் வெளியிட்டார்கள். புகை சூழ்ந்த கட்டடத்துக்குள் போகிற தீயணைப்பு வீரர் எங்கே இருக்கிறார் என்று வெளியில் நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இந்த ஆராய்ச்சிகளின் ஒரு நோக்கம். கட்டடத்துக்குள் ஜி.பி.எஸ். ஒழுங்காக எடுபடாதே!

தீயணைப்பு வீரரின் ஷூவிலிருந்து இது ஆஸ்பத்திரிக்கு வந்ததுதான் நமக்கு வேண்டிய சேதி.

டாக்டருக்கு என்ன லாபம்?

‘தினம் பத்தாயிரம் அடி நட’ என்கிறோமே... அது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிரபலமானது. அடிகளை எண்ணுவது நல்லதுதான். ஆனால் எத்தனை அடி என்பதைவிட, எப்படிப்பட்ட அடி என்பதில்தான் நிறைய சேதி இருக்கிறது.

வேகம்: 2011-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 65 வயதைத் தாண்டிய 34,485 பேர். அவர்களுடைய சாதாரண நடை வேகத்துக்கும் ஆயுளுக்கும் தெளிவான தொடர்பு இருந்தது! விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் நடந்தவர்கள், தங்கள் வயதுக்காரர்களின் சராசரியைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். வேகமாக நடந்தால் ஆயுள் கூடும் என்று அவசரப்பட்டு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் நடை வேகமாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்கு: ஒரு அடி போல அடுத்த அடி இருக்கிறதா? ஆரோக்கியமானவரின் அடிகள் தாளம் தப்பாத தவில் மாதிரி. ஒரு அடிக்கு ஒரு நேரம், அடுத்த அடிக்கு வேறு நேரம் என்று மாறிக்கொண்டே இருந்தால், அவர் விழுகிற வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த மாறுதல் ஒரு விநாடியில் பத்திலொரு பங்குக்கும் குறைவு. நம் கண்ணுக்குப் பிடிபடாது. சென்ஸாருக்குப் பிடிபடும்!

பார்க்கின்ஸன் நோய்: அடி சின்னதாகும், கால் தேயும். சிலருக்கு வாசற்படியிலோ திரும்பும்போதோ கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். பார்ப்பவர்களுக்கு, சும்மா நிற்பதாகத் தோன்றும். ஆனால் காலில் கட்டிய சென்ஸாரில், விநாடிக்கு 3 முதல் 8 தடவை வரை கால் நடுங்குவது பதிவாகும். மருந்து எத்தனை மணிக்கு வேலை செய்கிறது, எத்தனை மணிக்கு வேகம் குறைகிறது என்று டாக்டருக்குத் தெரிந்தால், மாத்திரை நேரத்தை மாற்றித் தரலாமே!

பக்கவாதம், மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு: நல்ல காலின் மேல் பாரத்தைப் போட்டு, சரியில்லாத காலை ‘சும்மா’ வைத்துக்கொண்டு நடப்பார்கள். இரண்டு காலும் தரையில் எவ்வளவு நேரம் இருக்கின்றன என்று ஒப்பிட்டால், பயிற்சி பலன் தருகிறதா என்று பிசியோதெரபிஸ்ட் கண்டுகொள்வார்.

குழந்தைகளுக்கும் உண்டு. ஆண் குழந்தைகளைத் தாக்கும் டூஷென் தசைச் சிதைவு நோயில், புது மருந்து பலன் தருகிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்கச் சொல்வார்கள். அன்றைக்குப் பார்த்து குழந்தை அழுது அடம்பிடித்தால்? அதனால் கணுக்காலில் சென்ஸார் கட்டி வீட்டுக்கு அனுப்பி, அவன் விளையாடும்போது எடுத்து வைக்கிற வேகமான அடிகளைக் கணக்கெடுக்கிற முறை வந்தது. ஐரோப்பிய மருந்து முகமை இதை 2019-ல் துணை அளவுகோலாகவும், 2023-ல் முதன்மை அளவுகோலாகவும் ஏற்றுக்கொண்டது.

இது சர்வரோக நிவாரணி அல்ல!

நடை மாறியிருக்கிறது என்றுதான் சென்ஸார் சொல்லும். ஏன் மாறியது என்று சொல்லாது. அதை டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தவிர, காலைத் தேய்த்து நடப்பவர்களுக்குப் பாதம் முழுசாக அசையாமல் நிற்கிற அந்தப் ‘பூஜ்யக் கணம்’ தெளிவாகக் கிடைக்காது; அதனால் கணக்கு தடுமாறும். யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடமே கருவிக்குக் கஷ்டம்! அதிக தூரம் நடந்தால் எந்தத் திசையில் போகிறோம் என்பதிலும் மெல்ல மெல்லத் தப்பு சேரும். ஒவ்வொரு அடியாக அளக்கிற மருத்துவ வேலைக்கு அது பெரிய குறையில்லை.

பெரிய ஆஸ்பத்திரிகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும்தான் இதன் உபயோகம் அதிகம். அதற்காக நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பைசா செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள் இருக்கின்றன. பெரியவர் பக்கத்தில் ஒருவர் அவசியம் நிற்க வேண்டும்.

1. நாலு மீட்டர் நடை: தரையில் 4 மீட்டருக்கு இரண்டு சாக்பீஸ் கோடு போடுங்கள். கோட்டுக்கு முன்னாலிருந்தே நடக்க ஆரம்பித்து, கோட்டைத் தாண்டியும் நடக்கட்டும். வழக்கமான வேகம் போதும். கோட்டிலிருந்து கோட்டுக்கு 5 விநாடிக்கு மேல் ஆகிறதா? டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

2. எழுந்து நடந்து திரும்பி உட்கார்: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 1991-ல் கனடாவில் வகுக்கப்பட்ட சோதனை. 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், விழும் அபாயம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

3. பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்: நடக்கும்போது, “காலையில என்ன சமையல்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல நின்றுவிடுகிறாரா? சுவீடனின் ஊமியோ நகரில் 58 முதியவர்களை இப்படிக் கவனித்தார்கள். பேசும்போது 12 பேர் நின்றுவிட்டார்கள். அவர்களில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள்! 1997-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த செய்தி இது. நடக்கவே முழு மூளையும் தேவைப்பட்டால், பேச எங்கே மிச்சம் இருக்கும்?

எப்போது ஓட வேண்டும்?

நடை திடீரென்று, மணிக்கணக்கில் மாறினால், ஒரு பக்கம் கால் இழுத்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் சோதனை எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி! அது பக்கவாதமாக இருக்கலாம்.

மெதுவாக மாறினால், ‘வயசு’ என்று ஒதுக்காமல் டாக்டரிடம் போங்கள். பி-12 வைட்டமின் குறைவு, சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு, தூக்க மாத்திரை, எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குவது, கண் புரை என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய. நடை தரையில் ஒட்டுவது போலிருந்து, சிறுநீரை அடக்க முடியாமல், மறதியும் சேர்ந்து வந்தால், அது மூளையில் நீர் தேங்குவதால் இருக்கலாம். 1965-லேயே விவரிக்கப்பட்ட இந்த நோயில், அந்த நீரை வழிமாற்றி விடும் ஆபரேஷனால் பலருக்கு நடை திரும்பியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், வருஷத்துக்கு 6,84,000 பேர் விழுந்து உயிரிழக்கிறார்கள். தடுக்க வழி இருக்கிறது. சமநிலைக்கும் கால் பலத்துக்கும் முறையாக உடற்பயிற்சி செய்தால், வீட்டில் வசிக்கும் முதியவர்கள் விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது என்று 2019-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்வோமே, ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து... அதே மாதிரி நடக்கச் சொல்லித்தான் நரம்பியல் டாக்டர்களும் சமநிலையைச் சோதிக்கிறார்கள்.

அம்மா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? ரத்தப் பரிசோதனையில் பி-12 ரொம்பக் குறைவு என்று தெரிந்தது. ஊசி போட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். தேய்ந்த செருப்பு குப்பைக்குப் போனது. கூடத்தில் இரண்டு சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்ததும் அம்மா நடப்பார். பேத்தி கையில் கடிகாரம். முதல் வாரம் ஏழு விநாடி. போன வாரம் ஐந்து. காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே இந்தக் கணக்கும் எழுதப்படுகிறது.

“என்னடா, என் நடைக்கும் மார்க் போடறீங்களா?” என்று அம்மா சிரிக்கிறார்.

போடத்தான் வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கப் போகிறது என்று அந்த அடியே முன்கூட்டிச் சொல்லும்போது, காது கொடுத்துக் கேட்க வேண்டியது வீட்டிலிருக்கிற நாம்தானே!